செட்டிநாட்டுப் பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: வங்கி வேலையில் காரைக்குடிக்கு மாற்றலாகி வருகிறீர்கள், கூடவே மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள அம்மா. ஊருக்கு வெளிப்பக்கம் புது வீடு எடுக்காமல், கொப்புடையம்மன் கோவிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் ஒரு பகுதியைப் பிடித்துக் குடியிருக்க ஆசை. நடக்குமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

தாராளமாக நடக்கும். நானும் இங்கே பழைய வீடுகளில்தான் வாடகைக்கு இருந்து வருகிறேன், வீடு மாறினேனே தவிர இந்தத் தெருக்களை விட்டுப் போக மனம் வரவில்லை. ஆனால் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்த வீடுகளில் உங்கள் நிம்மதியைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: அந்த வீட்டுக்கு யார் யாரெல்லாம் பங்காளிகள், கூரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால் மற்ற எதையும் சமாளித்துவிடலாம்.

முதலில் பங்கு விஷயம். இந்த வீடுகள் பெரும்பாலும் 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் எழும்பியவை, பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவிக்குப் போன நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், சம்பாதித்து வந்து கட்டியவை. கட்டியவருக்கு நான்கு மகன் என்றால் முற்றத்தோடு கூடிய நடுக்கட்டான வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை, அவர்களுக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கு அதில் பங்கு என்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து, இன்றைக்கு ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருந்தால் இங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், இன்னொருவர் சிங்கப்பூரில். உங்களிடம் வாடகை பேசுகிறவர் அவர்களில் ஒருவர், சில நேரம் அவரும் இல்லை, சாவியை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்.

அதனால் வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஐயா, இந்தப் பகுதி உங்கள் பங்கா, பொதுவா?” கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே எல்லாருக்கும் பழகிய கேள்வி இது. அறைகள் தனித்தனியாகப் பங்கு பிரிந்திருக்கும், ஆனால் தெருப்பக்கத்து முகப்பு, வளவு, முற்றம், கிணறு, தோட்டம் எல்லாம் பொதுவில் கிடக்கும், வாடகைக்கு விடுவதோ பெரும்பாலும் அந்தப் பொதுவான முகப்பையும் பின்கட்டையும்தான். பொதுவான பகுதியை ஒருவர் மட்டும் விட்டு வாடகையையும் அவரே வைத்துக்கொள்கிறார் என்றால், இன்னொரு பங்காளி ஊருக்கு வரும் நாளில் உங்கள் வாசலில் வந்து நின்று, “உங்களை யார் இங்கே குடிவைத்தது?” என்று கேட்பார். கேட்பதில் அவருக்கு நியாயமும் இருக்கிறது. வாடகைப் பணம் பங்காளிகளின் பொதுக் கணக்குக்குப் போய், அதிலிருந்து ஓடு மாற்றுவதும் வரி கட்டுவதும் நடக்கிற வீடு கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் யோசிக்காமல் எடுங்கள். அப்படி நடத்துகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அவர்கள் வீடுகள்தான் நிமிர்ந்து நிற்கின்றன.

எழுத்து இல்லாமல் எதுவும் வேண்டாம். “நமக்குள்ளே எதற்குப் பத்திரம்” என்பார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள், இருந்தாலும் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதினோரு மாதத்துக்குப் போட்டால் பதிவே வேண்டாம் என்று சொல்வது பழைய கணக்கு. முன்பணம் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. கட்டடத்தின் அமைப்பு சம்பந்தமான பழுதும், வெள்ளையடிப்பதும், ஒயரிங் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு மாதிரியான சில்லறை வேலைகள் உங்கள் பொறுப்பு. தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மற்ற பங்காளிகள் சார்பில் போடுகிறார் என்றால் அவர்கள் கொடுத்த சம்மதக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் “சம்மதம்” என்று வந்ததைக் காட்டினால் அதையும் படமெடுத்து வையுங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

அடுத்து நல்லது கெட்டது. இதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. எந்த நாட்டில் இருந்தாலும் கல்யாணத்தை, அறுபது எண்பது வயதுச் சாந்தியை, முன்னோருக்குப் படைப்பை இந்த வளவில் வந்து நடத்த வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் நிறைய. கார்த்திகை தீபம் முடிந்து வரும் பிள்ளையார் நோன்புக்கும் வருவார்கள். அந்த நாட்களில் பூட்டிக் கிடந்த அறைகளெல்லாம் திறக்கும், அண்டாவும் எனாமல் பூசிய மங்குச் சாமானும் வெளியே வரும், தோட்டத்தில் கோட்டை அடுப்பு வெட்டிச் சமையல் நடக்கும், உங்கள் முகப்பில் ஐம்பது ஜோடிச் செருப்பு கிடக்கும். எனக்கு இது பிடித்த நாட்கள். ஆச்சிகள் என் பிள்ளைகளையும் பந்தியில் உட்காரவைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அது வேறு கதை. வருடத்தில் எத்தனை நாள், எந்தெந்தப் பகுதி, எவ்வளவு முன்னால் சொல்வார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சினிமாப் படப்பிடிப்புக்கு வீட்டை விடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விடுகிற வீடு என்றால் அந்த நாட்களில் உங்கள் வண்டியை எடுப்பதே பெரும்பாடு, வாசலை ஜெனரேட்டர் வண்டி அடைத்துக்கொள்ளும்.

சரி, கூரை. முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை உள்ளே சாய்ந்து இறங்குகிறது, இரண்டு சாய்வு சேருகிற இடம் கூடுவாய். இந்த வீடுகள் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கூடுவாயில்தான். அதனால் முற்றத்தின் நான்கு மூலையிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் தேயிலைச் சாயம் போலப் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் அது பழைய ஒழுக்கு. கோட்டின் ஓரம் கறுத்து ஈரம் தெரிந்தாலோ, மரத்தை விரலால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ, அது இப்போதும் நடக்கிற ஒழுக்கு, இல்லையென்றால் உள்ளே கரையான். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டு முற்றத்தின் நடுவில் ஊற்றுங்கள். கல்தளத்தின் வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் ஒரே மூலைக்கு ஓடி மடைக்குள் இறங்கும். தேங்கி நின்றால் மடை அடைத்திருக்கிறது. புறா இறகும் வேப்பிலையும் போதும் அதை அடைக்க, ஐப்பசி மழையில் அந்த ஒரு மடை அடைத்தால் தண்ணீர் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்திக்கு ஏறிவிடும். கட்டினவர்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. கூரைத் தண்ணீரை முற்றத்தில் வாங்கி, வேண்டிய மட்டும் அண்டாவில் பிடித்து, மிச்சத்தைத் தெருக்கால்வாய் வழியாக ஊருணிக்கு அனுப்பும்படிதான் வீட்டையும் தெருவையும் சேர்த்தே அமைத்தார்கள். இப்போது தெரு உயர்ந்து உயர்ந்து பல இடங்களில் அந்த வாட்டம் கெட்டுவிட்டது. அதனால் பக்கத்து வீட்டில், “போன மழைக்கு வாசலில் தண்ணீர் நின்றதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஓடு பிரித்து வேய்ந்தது எப்போது என்று கேட்டால் அந்த வீட்டின் நிலைமை பாதி தெரிந்துவிடும். உடைந்த ஓட்டை வருடா வருடம் மழைக்கு முன் மாற்றுகிற வீட்டுக்காரர், தேதியே சொல்வார். “அதெல்லாம் அந்தக் காலத்து வேலை, ஒன்றும் ஆகாது” என்று சொல்கிறவர் வீட்டில் உங்கள் கட்டிலை மழைக்காலம் முழுக்க இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் அம்மாவை நினைத்து ஒன்று சொல்ல வேண்டும். பழைய அமைப்பில் கழிவறை தோட்டத்துக் கடைசியில் இருக்கும். முகப்பில் குடியிருக்கிறவர் வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டிப் போக வேண்டும், ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி, ஏற ஓர் எட்டு, இறங்க ஓர் எட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் வலியோடு அந்த நடை கூடாது. படுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே கழிவறை கட்டியிருக்கிற பகுதி மட்டும் பாருங்கள், மேற்கத்திய வகையா என்றும் பாருங்கள். முகப்பு மாடி அழகாக இருக்கும், தெருவைப் பார்த்த சன்னல்கள், வண்ணக் கண்ணாடி எல்லாம் இருக்கும். படிக்கட்டோ குறுகலும் செங்குத்தும், அம்மாவுக்கு ஆகாது. சித்திரை வெயிலில் மாடிதான் வீட்டிலேயே சூடான இடமும்கூட.

கீழே வளவுப் பக்கம் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலி. வாசல் நிலையில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரிவது போல் கதவுகள் வைத்திருப்பார்கள், காற்று அந்த வழியில்தான் வரும். மே மாதத்தில் மத்தியானம் தெருவிலிருந்து உள்ளே நுழைந்து தரையில் கால் வைக்கும்போது கிடைக்கிற குளிர்ச்சி இருக்கிறதே, அதற்காகவே இங்கே கிடக்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகள் சாமான் வைக்கக் கட்டியவை, சன்னல் இருக்காது, பகலிலும் விளக்கு வேண்டும், சுவர் கனத்தில் செல்போன் சிக்னலும் வைஃபையும் அறைக்குள் நுழையாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் குடும்பத்தில் இருந்தால் மேசையைப் பத்தியில் போட்டுக்கொள்ளட்டும்.

மின்சாரத்தில் தனி மீட்டர் இல்லாத பகுதியை நான் எடுக்க மாட்டேன். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் ஏறிக்கொண்டே போகும். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் எல்லாருக்கும் மேல்படி விலைதான் விழும், அதைப் பிரிப்பதில் மனஸ்தாபமும் வரும். பழைய மரப்பட்டையில் ஓடுகிற ஒயரிங் இன்னும் இருக்கும் வீடுகள் உண்டு. கீஸர், இன்டக்‌ஷன் அடுப்பு போடுவதற்கு முன் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்துப் போய் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூரையெல்லாம் மரம் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீருக்கு இந்த ஊரில் பெரிய குறை கிடையாது, சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்கள் வேறு ஊர்த் தண்ணீரை எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். குழாய் எத்தனை மணிக்கு வரும், உங்கள் பகுதிக்குத் தனித் தொட்டி உண்டா, கிணற்றில் மோட்டார் யாருடையது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரிலும் தரையிலும் கை வைக்கும் முன் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த வழவழப்பான சுவர், சுண்ணாம்பை அரைத்துக் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்தது. டிரில் போட்டீர்கள் என்றால் ஓட்டையைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழும், இன்றைக்கு அதை அதே மாதிரி பூசித் தர ஆள் தேட வேண்டும். படம் மாட்டுவதற்கு ஏற்கெனவே உள்ள கொக்கியைப் பயன்படுத்துங்கள், அலமாரியைத் தரையில் நிற்கவிடுங்கள். பெயின்டும் வேண்டாம், சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட வேண்டும், மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று சில மழைக்குள் பூச்சு உப்பிவிடும். தரையில் ஆத்தங்குடிக் கல் என்றால் ஆசிட் பக்கமே போகக் கூடாது. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்ட் போட்டுக் கையால் செய்கிற கல் அது, ஆசிட் பட்டால் நிறம் போய்ச் சொரசொரப்பாகிவிடும். தண்ணீர் விட்டுத் துடைத்து, எப்போதாவது துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும், நடக்க நடக்கப் பளபளப்பு கூடும்.

வௌவால், புறா, அணில், பல்லி எல்லாம் உங்களுக்கு முன்பே அங்கே குடியிருப்பவை. முற்றத்துக்கு மேல் கம்பிவலை இருக்கிறதா, கிழிசல் இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். புறா எச்சம் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு இளைப்பு இருந்தால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது.

இன்னொன்று, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் தப்பு. வீடு தேடிப் போகும்போது, “நீங்க என்ன ஆளுக?” என்று சில இடங்களில் கேட்பார்கள், சுற்றி வளைத்து ஊரைக் கேட்பார்கள், குலசாமியைக் கேட்பார்கள். இந்தக் கேள்வி இந்தத் தெருக்களை விட்டு இன்னும் போகவில்லை. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அப்படிக் கேட்ட ஒரு வீட்டை, எல்லா வசதியும் இருந்தும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். கேட்காத வீடுகளும் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். படைப்பு அறைக்குப் பக்கத்தில் கவிச்சி சமைக்க வேண்டாம் என்று சொல்வது வேறு. அது சாமி காரியம், அதை மதித்து நடந்துகொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

நீங்கள் எடுக்கிற வீடு மூன்று வருடம் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும், இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது உண்மை, ஆனால் அந்தப் பட்டியல் எந்த வீட்டையும் இடிக்காமல் தடுக்காது. பங்காளிகள் ஒத்துப்போய் விற்றுவிட்டால் தூண், நிலை, கதவு, உத்தரம் என்று தனித்தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளைப் பாருங்கள், ஒவ்வொரு நிலைக்கதவும் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நின்றதுதான். பிரிக்கப்போகிற வீடு முன்பே காட்டிக் கொடுத்துவிடும்: பின்கட்டில் ஓடு இறங்கியிருக்கும், உள்ளறைகளில் கதவு இல்லாமல் நிலை மட்டும் நிற்கும், சாமான் அறைகள் காலியாகக் கிடக்கும், பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் சதுரமாக வெளுப்பு தெரியும். இப்படிப்பட்ட வீட்டை வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். இடிப்பதற்காகக் காலி செய்யச் சொல்லச் சட்டத்தில் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஆள் குடியிருந்து தினமும் கூட்டி, அடுப்பெரித்து, கதவு திறந்து மூடுகிற வீடுகள் தாக்குப்பிடிக்கின்றன. கரையான் ஏறினாலும் ஓடு நழுவினாலும் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடுகிறது, பூட்டிய வீட்டில் அது தெரிவதற்குள் உத்தரமே இறங்கிவிடும். விவரம் தெரிந்த பங்காளிகள் அதற்காகவே குறைந்த வாடகைக்கு நல்ல குடும்பமாகத் தேடுகிறார்கள். நீங்கள் போய்ப் பேசும்போது இதை உங்கள் பக்கத்து நியாயமாகவே சொல்லலாம்: மாதம் ஒருமுறை கூரையையும் மடையையும் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள், வெளியூரில் இருக்கிற பங்காளிக்கு வாடகையைவிட அது பெரிதாகத் தெரியும்.

வண்டி விஷயம் சுருக்கமாக: இரு சக்கர வண்டிக்குக் கவலை இல்லை, கார் என்றால் கடைத்தெருவான கல்லுக்கட்டிப் பக்கம் கடைநேரத்தில் திணறல்தான், பக்கத்தில் காலி மனை எதிலாவது மாத வாடகைக்கு நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் போகிற நாளில் காரை எடுக்க நினைக்கவே வேண்டாம். சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது, ஸ்டேஷனுக்கு ஆட்டோ போதும்.

தேடுகிற விதம்: இணையத்தில் இந்த வீடுகள் வராது, வந்தாலும் விடுதிக்காரர்கள்தான். செக்காலை, முத்துப்பட்டணம், கோவிலைச் சுற்றின தெருக்கள் என்று காலையில் நடந்து, துணி தேய்க்கிறவரிடமும் டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் சொல்லி வையுங்கள், எந்த வீட்டில் யார் காலி செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஊருக்குள் சரியாக அமையாவிட்டால் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமும் பார்க்கலாம், அங்கே இடம் இன்னும் தாராளம், ஆனால் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று தினமும் காரைக்குடிக்கு ஓட வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு நான் ஊருக்குள்ளேயே, கீழ்த்தளத்தில், பின்கட்டைச் சீர்செய்து தனிக் கழிவறையும் தனி மீட்டரும் வைத்துத் தோட்டத்துப் பக்கம் தனிவாசல் விட்ட பகுதியைத்தான் சொல்வேன். வீடு பார்க்க ஐப்பசி கார்த்திகையில், மழை பெய்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். மாற்றல் ஜூனில்தான் என்றாலும் பரவாயில்லை, இங்கே நல்ல பகுதிக்கு ஆறு மாதம் முன்னால் சொல்லிவைப்பது வழக்கம்தான்.